மழைக்கு முன் ஏறிய எண்

ஏப்ரல் இருபத்துமூன்றாம் தேதி மழை பெய்யவில்லை. அதுதான் ஷப்னத்துக்குப் புரியவில்லை.

பெய்திருக்க வேண்டும். அன்று பிற்பகல் மூன்று பத்துக்கு, அகரத்தில் அவள் வைத்திருக்கும் கருவியில் ஓசோன் அளவு ஏறத் தொடங்கியது. பன்னிரண்டு நிமிடத்தில் இருபத்தேழு முப்பத்தெட்டானது. நூறு கோடிக் காற்று மூலக்கூறுகளை எடுத்துக்கொண்டால் அதில் ஓசோன் எத்தனை என்பதுதான் அந்த எண். பதினொன்று கூடுவது பெரிய விஷயமா என்று வெளியாட்கள் கேட்பார்கள். சமவெளியில், பட்டப்பகலில், பன்னிரண்டு நிமிடத்துக்குள் என்றால் பெரிய விஷயம்தான். இதே போன்ற ஏற்றம், கூடக்குறைய, இரண்டு கோடைகளில் பதினோரு இடிமழைகளின்போது வந்திருக்கிறது. சராசரியாக, ஓசோன் ஏறி முப்பத்தோராவது நிமிடத்தில் குளிர்காற்று அடிக்கும், பிறகு இடி, பிறகு மழை. ஏப்ரல் இருபத்துமூன்றில் மட்டும் எண் ஏறியது. வெயில் அப்படியே இருந்தது.

திண்டுக்கல்லில், கல்லூரி ஆய்வகத்தின் மூலையில், ஷப்னம் அந்த வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பெரிதாக்கினால் கோடு தடிக்கிறதே தவிர காரணம் எதுவும் தெரியவில்லை.

இடிமழை ஏன் ஓசோனைக் கொண்டுவரும் என்பதில் அவளுக்குக் குழப்பம் இல்லை. தரையிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் உயரத்தில் உள்ள காற்றில் ஓசோன் கூடுதல். இடிமேகம் ஒரு ராட்டினம் மாதிரி. ஒரு பக்கம் சூடான காற்றை மேலே இழுக்கும், மறுபக்கம் மழையோடு சேர்த்துக் குளிர்ந்த காற்றைக் கீழே தள்ளும். அந்தக் குளிர்காற்று மேலே இருந்த ஓசோனையும் வாரிக்கொண்டு இறங்கும். இது புதிதல்ல. குளிர்காற்று வருவதற்கு அரை மணி நேரம் முன்பே ஓசோன் ஏறுகிறது என்பதுதான் புதிது. அதை அவள்தான் கண்டுபிடித்தாள். ஏன் முன்பே வருகிறது என்பதற்கு, மேகத்தின் ஓரத்தில் ஈரமில்லாத காற்று முதலில் வழிந்து வரலாம் என்று கட்டுரையில் அரைப் பக்கம் எழுதியிருந்தாள்.

அந்த அரை மணி நேரம் கட்டுரையோடு நிற்கவில்லை. போன மே மாதம் சாணார்பட்டிப் பக்கம் கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் மின்னலில் இறந்தார்கள். அதற்குப் பிறகு, பன்னிரண்டு ஊர்களில் சிறிய ஓசோன் மீட்டர்களை வைத்து, எண் ஏறியதும் ஹாரன் ஒலிக்கும்படி செய்யலாம் என்று ஒரு திட்டம் உருவானது. வெள்ளிக்கிழமை கூட்டம். விஞ்ஞானி என்ற இடத்தில் ஷப்னம் கையெழுத்துப் போட வேண்டும். இன்று புதன்.

துறைத்தலைவர் முத்துக்கிருஷ்ணன் போனில் அழைத்தார்.

"என்னம்மா, கட்டுரைக்கு கடைசித் திருத்தம் அனுப்பிட்டியா?"

"சார், அந்த ஏப்ரல் இருபத்துமூணு..."

"இன்னும் அதையே புடிச்சுத் தொங்குறியா? பன்னெண்டுல பதினொண்ணு சரியா வருது. இந்த ஆவரேஜ்ல ஒருத்தன் பேட்டிங் பண்ணுனா நம்ம ஊர்ல அவனுக்குச் சிலை வச்சிருவாங்க."

"பன்னெண்டாவது ஏன் வந்துச்சுன்னு தெரியலியே சார்."

"கரன்ட் ஆடியிருக்கும். பல்லி ஏறியிருக்கும். ஒரு நாளைத் தூக்கிப் போடும்மா. வெள்ளிக்கிழமை நீ பத்து நிமிஷம் பேசு, கையெழுத்தப் போடு. அம்புட்டுதான்."

போனை வைத்துவிட்டு மறுபடி வரைபடத்தைத் திறந்தாள். மழை இல்லாதபோது ஹாரன் ஒலித்தால் திட்டுவார்கள், அவ்வளவுதான். மழை வரும்போது ஒலிக்காமல் போனால்? ஹாரன் வைத்த ஊரில் வானத்தை யார் பார்ப்பார்கள்? மேகம் கறுத்தாலும், "ஹாரன் அடிக்கலியே, இந்த வரிசைய முடிச்சிருவோம்" என்று குனிந்து களை எடுப்பார்கள். காரணம் தெரியாத ஒரு எண்ணை நம்பி அவள் அவர்களைக் குனிய வைக்கப் போகிறாள்.

வியாழக்கிழமை உச்சி வெயிலில் டவுன் பஸ் பிடித்து அகரம் போனாள்.

நிலையம் என்பது வயலோரம் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை. மாடியில் ஒரு குழாய் காற்றை உறிஞ்சும். உள்ளே கருவி. பக்கத்தில் வெப்பமானி, காற்றுமானி, மழைமானி. நைட்ரஜன் ஆக்சைடுகளை அளக்கும் இன்னொரு கருவி பழுதாகி, இரண்டு வருடமாகத் துணி போர்த்திக் கிடந்தது. அறையையும் கருவிகளையும் பார்த்துக்கொள்பவர் சடையாண்டி. மின்வாரிய ஒப்பந்த வேலையிலிருந்து விலகி வந்தவர், ஐம்பத்தெட்டு வயது, எதைக் கேட்டாலும் தன்மேல் பழி வருகிறது என்றே எடுத்துக்கொள்வார்.

"ஏப்ரல் இருபத்துமூணு இங்க என்ன நடந்துச்சு அண்ணே?"

"நான் எதையும் தொடல மேடம்."

"தொட்டீங்கன்னு சொல்லல. வித்தியாசமா எதாவது?"

"அன்னைக்கி கொசுவத்தி கூட கொளுத்தல. நீங்க வேணாம்னு சொன்ன நாள்ல இருந்து கொசுதான் என்னையக் கடிக்கிது, நான் கொசுவ ஒண்ணும் பண்றதில்ல."

ஷப்னம் கருவியின் மூடியைக் கழற்றினாள். இந்தக் கருவி அவளுக்குப் பிடித்தமான ஒன்று, ஏனென்றால் அதில் மறைப்பு எதுவும் இல்லை. ஒரு குழலின் ஒரு முனையில் புற ஊதா விளக்கு, மறுமுனையில் ஒளியை அளக்கும் கண். ஓசோனுக்குப் புற ஊதா ஒளி என்றால் பசி. இடையில் ஓசோன் இருந்தால் ஒளி குறையும். முதலில் வெளிக்காற்றை விட்டு அளக்கும். அடுத்து அதே காற்றை ஓசோன் நீக்கி விட்டு அளக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எண். விளக்கு மங்கினால் இரண்டிலும் சேர்ந்தே மங்கும், எண் மாறாது. பொய் சொல்லத் தெரியாத ஏற்பாடு.

விளக்கைச் சோதித்தாள். வடிகட்டியை மாற்றிப் பார்த்தாள். குழாயின் மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு தேடினாள். மின்னழுத்தப் பதிவில் ஏப்ரல் இருபத்துமூன்றைப் பார்த்தாள். பல்லி இல்லை, கரன்ட் ஆடவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருக்க இருக்க அவளுக்குப் பயம் கூடியது. கருவி சரி என்றால் அன்றைக்கு உண்மையிலேயே ஓசோன் ஏறியிருக்கிறது.

மணி மூன்று நாற்பது. திரையில் இருபத்தாறு. சடையாண்டி தூக்குவாளியிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். சிறுமலைக்கு மேலே வெள்ளை மேகம் ஒன்று காலிஃபிளவர் போல முளைத்துக்கொண்டிருந்தது.

அவளுடைய போன் சிணுங்கியது. சடையாண்டியின் போனும் சிணுங்கியது. அடுத்த மூன்று மணி நேரத்தில் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழைக்கு வாய்ப்பு என்ற குறுஞ்செய்தி. ஷப்னம் திறக்காமலே விரலால் ஒதுக்கித் தள்ளினாள். வானிலையைத் தொழிலாகக் கொண்ட அவள் அந்தச் செய்திகளைப் படிப்பதில்லை. அவளிடம் ராடார் படம் இருந்தது, வரைபடங்கள் இருந்தன.

மேற்குச் சுவருக்கு அப்பால் யாரோ கத்தினார்கள். நாலைந்து பேர் ஓடும் சத்தம். பிறகு, அதுவரை அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதே தெரியாத ஒரு சத்தம் நின்றது. காதுக்குள் இருந்து ஒரு பஞ்சை எடுத்த மாதிரி இருந்தது. தென்னை ஓலை உரசுவது கேட்டது.

"அது என்னண்ணே நின்னுச்சு?"

"செங்கச் சூளை டிராக்டரு. மண்ணு பிசையிற மெஷின ஓட்டுமே, அது."

அவள் திரையைப் பார்த்தாள். இருபத்தாறு. இருபத்தெட்டு. முப்பது.

முதல் நொடியில் வந்தது மகிழ்ச்சிதான். புயல் வருகிறது, கணக்கு சரி என்று நெஞ்சு துள்ளியது. அடுத்த நொடியில் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். வெப்பமானி அசையவில்லை, முப்பத்தேழு டிகிரி. காற்று அதே மேற்கிலிருந்து, அதே வேகத்தில். மாறியது அந்தச் சத்தம் மட்டும். முப்பத்திரண்டு. முப்பத்தைந்து.

"மேடம், ஏறுது. மழ வருது. நீங்கதான சொல்வீங்க?"

"மழை வரலண்ணே" என்றாள். "வாங்க, அங்க போவோம்."

சூளை அவளுக்குத் தெரியாத இடமல்ல. நிலையம் அமைக்கும்போதே அதன் புகைபோக்கியைக் கணக்கில் எடுத்திருந்தாள். அது இரவும் பகலும் ஒரே மாதிரி புகைவது, புகையும் உயரத்தில் தலைக்கு மேலே போய்விடுகிறது, அதனால் திடீர் ஏற்றத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எழுதியும் வைத்திருந்தாள். புகைபோக்கிக்குக் கீழே, மண் தோண்டிய பள்ளத்துக்குள், அடுக்கிய கற்களுக்குப் பின்னால், ஒரு பழைய டிராக்டர் நிற்பதை அவள் எழுதவில்லை. குழாயின் வாயிலிருந்து அது நூறு மீட்டர் கூட இல்லை.

அங்கே ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சுடாத பச்சைக்கல் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. அதில் நாலு சொட்டு விழுந்தாலும் முகம் சிதைந்துவிடும், பலத்த மழை என்றால் திரும்ப மண்ணாகிவிடும். சூளையை நடத்துகிற ஜோதிமணி முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, கத்திக் கத்தித் தொண்டை கட்டிய குரலில் வேலை ஏவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, டிராக்டர ஏன் நிப்பாட்டுனீங்க?"

"அடியாத்தி, டீச்சரா? கல்ல மூட ஆளு வேணாமா? மெஷின்ல மண்ணு அள்ளிப் போடுற ரெண்டு பேரும் இங்க வந்துட்டா மெஷினு சும்மா சுத்தி என்ன பண்ண?"

"மழை இன்னும் வரலியே?"

"வந்தப்பறம் மூடுறதுக்கு நான் என்ன கிறுக்கியா? போன்ல மெசேஜ் வந்துச்சுல்ல. மெசேஜ் வந்தா நிப்பாட்டிருவோம். ரெண்டு வருசமா அப்புடித்தான், ஒரு கல்லு நனையல."

"டீ குடிக்கிறப்ப நிப்பாட்ட மாட்டீங்களா?"

ஜோதிமணி சிரித்துவிட்டார். "அது செல்ஃப் எடுக்காது டீச்சர். நிப்பாட்டுனா ஆறு பேரு தள்ளணும். மத்தியானம் ரெண்டு மணிக்குத் தள்ளிவிட்டா சாயந்தரம் ஆறு மணிக்கு ஓயும், நடுவுல சாமியே வந்தாலும் அணைக்க மாட்டோம். மெசேஜுக்குத்தான் அணைப்போம்."

"ஏப்ரல் இருபத்துமூணு, செவ்வாக்கெழம. ஞாபகம் இருக்கா?"

"தேதியெல்லாம் யாரு வச்சா? மெசேஜ் வந்து, எல்லாத்தையும் மூடி, ஒரு பொட்டு மழ விழாம ஒருநா ஏமாந்தோம். மழ நத்தம் பக்கம் போயிருச்சாம். திரும்ப டிராக்டரத் தள்ளுறப்ப என் கொழுந்தன் இடுப்பப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்தவன்தான். இன்னமும் எந்திரிக்கிறப்ப கரன்ட் கம்பத்தப் புடிச்சுத்தான் எந்திரிக்கிறான்."

ஷப்னம் தன் போனை எடுத்தாள். குறுஞ்செய்திகளை அவள் படிப்பதும் இல்லை, அழிப்பதும் இல்லை. வங்கி எண்களுக்கும் கேஸ் புக்கிங்குக்கும் நடுவே விரலால் தள்ளிக்கொண்டே போனாள். ஏப்ரல் 23. பிற்பகல் 3.05.

எண் ஏறத் தொடங்கியது மூன்று பத்துக்கு.

அந்தப் பள்ளத்து மேட்டிலேயே உட்கார்ந்தாள். டீசல் எஞ்சினின் புகையில் நைட்ரிக் ஆக்சைடு என்று ஒரு வாயு உண்டு. ஒரு நைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். அது ஓசோனைப் பார்த்தால் அதிலிருந்து ஓர் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். ஓசோன் சாதாரண ஆக்சிஜனாகிவிடும். ஒரு நிமிடத்துக்குள் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். மாணவர்களுக்கு அவளே இதைப் பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறாள். அப்படியானால் பிற்பகல்களில் அவள் பார்த்த இருபத்தேழு அகரத்தின் ஓசோன் அல்ல; டிராக்டர் தின்றது போக மீதி. முப்பத்தெட்டுதான் அகரத்தின் ஓசோன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் ஓசோன் கூடுதலாக இருப்பதும் அவளுக்குத் தெரியும். சாலையில் வண்டி குறைவு என்று அதற்கும் ஒரு காரணம் எழுதி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சூளைக்கு விடுமுறை.

ஆனால் பொருத்தமாக இருப்பது வேறு, நிரூபணம் வேறு. கட்டுரை எழுதும்போதும் எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது.

"அக்கா, மழை வராட்டி டிராக்டரத் திரும்ப ஓட்டுவீங்கள்ல? ஓட்டுனப்பறம் எனக்காக மூணு வாட்டி நிப்பாட்டி நிப்பாட்டி ஓட்டணும். ஒவ்வொரு வாட்டியும் இருபது நிமிஷம்."

ஜோதிமணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு வாட்டியா? ஏன் டீச்சர், என் கொழுந்தன் ஒருத்தன் படுத்தது பத்தாதா?"

"நாங்க தள்ளுறோம்."

"நாங்கன்னா?" என்றார் சடையாண்டி.

நாலு மணி இருபதுக்குச் சிறுமலை மேகம் கிழக்கே சாய்ந்து கலைந்தது. முதல் தடவை சூளை ஆட்களோடு ஷப்னமும் சடையாண்டியும் தோள் கொடுத்தார்கள். சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது. துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு மீண்டும் தள்ளினாள். எஞ்சின் கறுப்பாகப் புகை கக்கிப் பிடித்துக்கொண்டதும் ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள். முப்பத்தேழு. ஒன்றும் ஆகவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தவறாக நினைத்துவிட்டோமோ, இன்னும் ஒரு பொய்க்காரணத்தைக் கட்டிவிட்டோமோ என்று தோன்றியது. மூன்றாவது நிமிடத்தில் முப்பத்தைந்து. பிறகு முப்பத்தொன்று. பத்தாவது நிமிடம் இருபத்தேழில் போய் நின்றது.

சுவரோரம் போய்க் கையசைத்தாள். டிராக்டர் நின்றது. இருபத்தேழு, முப்பது, முப்பத்தாறு.

இரண்டாம் தடவை தள்ளும்போது சடையாண்டி, "மேடம், ஈபி வேலைய விட்டு நான் வந்ததே தூக்கிச் சொமக்க முடியாமத்தான்" என்றார். மூன்றாம் தடவை சூளைப் பெண்கள் பத்துப் பேர் வந்து கை கொடுத்தார்கள். அவர்களில் ஒருத்தி, "இம்புட்டு படிச்சும் வண்டிதான் தள்ளணும்னா நாங்க படிக்காததே நல்லது" என்றதற்கு எல்லோரும் சிரித்தார்கள். ஷப்னமும் சிரித்தாள். மூன்று தடவையும் எண் ஒரே மாதிரி இறங்கியது, ஒரே மாதிரி ஏறியது.

திரும்பும் பஸ்ஸில், மடியில் மடிக்கணினியை விரித்துப் பதினோரு இடிமழைகளையும் போனிலிருந்த செய்திகளோடு ஒப்பிட்டாள். எட்டு மழைகளில் குறுஞ்செய்தி வந்த ஐந்தாறு நிமிடத்தில் ஓசோன் ஏறியிருந்தது. மிச்சம் மூன்று. இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒன்று மாலை ஏழு மணிக்கு மேல். மூன்றிலும் டிராக்டர் ஓடவில்லை. மூன்றிலும் ஓசோன் ஏறியதென்னவோ உண்மை, ஆனால் ஆறுதான். அதுவும் குளிர்காற்று வந்த அதே நிமிடத்தில். முன்கூட்டி ஒரு நொடி கூட இல்லை. முப்பத்தொரு நிமிடம் என்று பதினொன்றுக்கும் சேர்த்துச் சராசரி போட்டபோது இந்த மூன்றும் அதற்குள் காணாமல் போயிருந்தன.

அவளுடைய கருவி இரண்டு வருடமாக மேகத்தைப் பார்த்து எச்சரிக்கவில்லை. குறுஞ்செய்தி வந்ததை ஜோதிமணி வழியாக அவளுக்குத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. சூளை இல்லாத பன்னிரண்டு ஊர்களில் அதே மீட்டர், தலைக்கு மேலே மேகம் கறுத்து நின்றாலும், குளிர்காற்று அடிக்கும்வரை வாயைத் திறந்திருக்காது.

இறங்கியதும் பஸ் நிலையத்தின் இரைச்சலில் நின்றே முத்துக்கிருஷ்ணனை அழைத்துச் சொன்னாள்.

"கட்டுரை போச்சா?"

"போச்சு சார். நானே எழுதி வாபஸ் வாங்கிக்கிறேன்."

"நாளைக்கு கூட்டத்துல என்னம்மா சொல்லப் போற? பன்னெண்டு ஊர்க்காரங்க வந்து ஒக்காந்திருப்பாங்க."

"மூணு வாட்டி டிராக்டர் தள்ளுனதச் சொல்லப் போறேன் சார்."

"சொல்லிட்டு?"

"ரெண்டு வருசமா சூளையில ஒரு கல்லு நனையலியே, அது எப்புடின்னு சொல்லப் போறேன்."

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவள் கூட்டத்தில் கொடுத்த தாள் ஒரு பக்கத்துக்கும் குறைவு. அகரத்தில் இடிமழைக்கு முன் ஓசோன் ஏறியதற்குக் காரணம், எச்சரிக்கைக் குறுஞ்செய்தி வந்ததும் சூளையின் டிராக்டர் நிறுத்தப்பட்டதே. இது மூன்று முறை சோதித்து உறுதி செய்யப்பட்டது. ஓசோனைக் கொண்டு மின்னலை முன்கூட்டி அறிய முடியாது. மீட்டர்கள் வாங்க வேண்டாம். குறுஞ்செய்தி முன்கூட்டியே வருகிறது, ஆனால் காட்டில் வேலை செய்கிறவர்களின் போன் வரப்பில் பைக்குள் கிடக்கிறது. ஆகவே பன்னிரண்டு ஊர்களிலும் சிம் கார்டு போட்ட ஹாரன் ஒன்றைக் கம்பத்தில் கட்டி, அந்தச் செய்தி வந்தவுடன் தானாக ஒலிக்கும்படி செய்ய வேண்டும்.